டிஸ்க் அலமாரியில் ஒரு டீ விளக்கு

என் தம்பியைப் பற்றி எழுதுகிறவர்கள் அவன் படிப்பிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் எங்கள் வீட்டுத் துணி அலமாரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அந்த அலமாரிக்குள் தட்டுகள் கிடையாது. கதவைத் திறந்தால் ஒரே குழி. வீட்டில் இருந்த எல்லோருடைய துணியும் அதற்குள் ஒரே குவியலாகக் கிடக்கும். காலையில் அப்பாவின் சட்டையைத் தேடினால் என் உள்பாவாடை வரும். அப்பா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் ஓடிப்போய்ப் பிடுங்குவேன். ஒருநாள் தம்பி ஒரு சாக்பீஸை எடுத்து உள்ளே கோடு போட்டான். அப்போது அவனுக்கு மூக்கு ஒழுகுகிற வயது. இது அப்பாவுக்கு, இது அம்மாவுக்கு, இது அக்காவுக்கு, இது எனக்கு என்றான். சாக்பீஸ் கோட்டைத் தவிர வேறு தடுப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து யாரும் கோட்டைத் தாண்டவில்லை. ஆளுக்கொரு அலமாரி கிடைத்துவிட்ட மாதிரி மிடுக்காக நடந்துகொண்டோம்.

மூலையில் ஒரு பங்கு மட்டும் காலியாக இருந்தது.

"இது யாருக்குடா?" என்று அம்மா கேட்டாள்.

"யாருக்கும் இல்ல. அவசரத்துக்கு."

பரவாயில்லையே, பொறுப்பான பிள்ளை என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாள் கழித்து அந்தக் காலி மூலையிலிருந்து ஒரு பூனைக்குட்டியை வெளியே எடுத்தாள். அப்பாவின் ஒரே நல்ல சால்வைமேல் அது தூங்கிக்கொண்டிருந்தது.

தனக்குத் தெரியாது என்று பொய் சொல்லி அப்பாவிடம் அடி வாங்கிய பிறகுதான், "சும்மாதானே இருந்துச்சு அந்த இடம்" என்றான் தம்பி.

அவன் குணம் மொத்தமும் இந்த அலமாரிக்குள் அடங்கிவிடும். எதையும் பங்கு போடுவான். அவசரத்துக்கு என்று ஒன்றை ஒதுக்கி வைப்பான். ஒதுக்கி வைத்தது சும்மா இருக்கிறதே என்று மனசு கேட்காமல் அதற்கும் ஏதாவது ஒரு வேலை கொடுத்துவிடுவான். வீட்டில் அவனுக்குப் 'பங்கு' என்று பெயர் வந்தது அப்போதுதான். இப்போது அவன் முன்தலை வழுக்கை விழுந்து பளபளக்கிறது. பெயர் மட்டும் போகவில்லை.

பங்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான். அதே ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் நானும் என் வீட்டுக்காரரும் கேண்டீன் நடத்துகிறோம். எங்கள் பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி ஒரு படிக்கட்டு கீழே இறங்கும். இறங்கினால் கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால்தான் அவனுடைய மெஷின் ரூம். உள்ளே குளிர் எலும்பைப் பிடிக்கும். காற்றாடிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுகூடக் கேட்காது.

"உள்ள உட்கார்ந்து அப்படி என்னதான்டா பண்ற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அலமாரிக்குக் கோடு போடுறேன் அக்கா."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். உண்மையாகவே அதுதான் அவன் வேலை. அங்கே ஆளுயரத்துக்குக் கறுப்பாக ஒரு டிஸ்க் அலமாரி நிற்கிறது. மருந்துக்கடை இழுப்பறைகள் மாதிரி வரிசை வரிசையாக டிஸ்க்குகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சின்ன விளக்கு. ஆஸ்பத்திரியில் எடுக்கிற எக்ஸ்ரே, ஸ்கேன் படம் எல்லாம் அதற்குள்தான் போய்ச் சேரும். தம்பி அந்த அலமாரியைக் கையால் தொடவே மாட்டான். அறையின் இன்னொரு கோடியில் யூனிக்ஸ் சர்வர் என்று ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து கமாண்ட் அடிப்பான். பத்துப் பன்னிரண்டு டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, அதில் ஒரு துண்டு வெட்டி, அதற்கு ஒரு பெயர் வைத்து, இந்தா உனக்கு என்று சர்வரிடம் கொடுப்பான். சர்வரும் அதைத் தனக்கே சொந்தமான முழு டிஸ்க் என்று நம்பிக்கொள்ளும்.

"அப்படி ஒரு டிஸ்க் நெசமா இருக்கா?"

"இல்ல. அதனாலதான் அதுக்கு விர்ச்சுவல் டிஸ்க்னு பேரு. இருக்குற மாதிரி இருக்கும்."

"அப்போ பொய் சொல்லிக் குடுக்கிறியா?"

"நீ கண்ணால பாக்காத ஒருத்தரை நம்பித் தினமும் விளக்கேத்துறியே அக்கா, அதைப் போய்ப் பொய்னு சொல்வியா?"

"வாயைக் கழுவுடா" என்றேன். ஆனால் அன்று சாயங்காலம் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தபோது அவன் சொன்னது நினைவுக்கு வந்து சிரிப்பு வந்துவிட்டது. மேலே இருக்கிறவர் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார்.

இன்னொரு சங்கதியும் சொன்னான். துண்டு வெட்டிக் கொடுத்தாலும் சர்வருக்கு உடனே தெரியாதாம். புதுசா ஒண்ணு வந்திருக்கு, திரும்பிப் பார் என்று தனியாக ஒரு கமாண்ட் அடிக்க வேண்டுமாம். அடித்த பிறகுதான், அட ஆமாம் என்று எடுத்துக்கொள்ளுமாம். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரருக்கும் தட்டை முன்னால் வைத்துவிட்டு, வைத்திருக்கிறேன் என்று சொன்னால்தான் கை நகரும்.

அந்த அலமாரியின் கடைசி வரிசையில் கடைசி டிஸ்க் எந்தக் கூட்டத்திலும் சேராமல் சும்மா இருந்தது. அவசரத்துக்கு. எந்த டிஸ்க்காவது செத்துப்போனால் இது தானாகவே அதன் இடத்தில் உட்கார்ந்து, செத்ததில் இருந்ததையெல்லாம் மற்ற டிஸ்க்குகளிடம் கேட்டுக் கேட்டுத் தன்மேல் எழுதிக்கொள்ளுமாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சும்மா இருக்கிற ஒன்றைப் பங்கு சும்மா விடுவானா?

எங்களுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. மெஷின் ரூமுக்குள் போன் எடுக்காது. கதவைத் தட்டினாலும் கேட்காது. டீ, தண்ணீர் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. டீ தயாரானதும் என் வீட்டுக்காரர் படி இறங்கிப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று கையைக் காலை ஆட்டுவார். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆட்டி ஆட்டி அலுத்து மேலே வந்து, "உன் தம்பிக்கு இனிமே டீ கிடையாது" என்பார். தினமும் இதே பாட்டு.

பங்கு யோசித்தான். ஒரு கமாண்ட் அடித்தால் எந்த டிஸ்க்கை வேண்டுமானாலும் மினுக்கச் சொல்லும் வசதி அந்த அலமாரியில் இருக்கிறது. பழுதான டிஸ்க்கை மாற்ற வருகிறவர் எது என்று தேடாமல் கண்டுபிடிப்பதற்காக வைத்தது. தம்பி எங்கள் பில் போடும் கம்ப்யூட்டரில் ஒரு டீ கப் படத்தைக் கொண்டுவந்து வைத்தான். அதை ஒரு தடவை அழுத்தினால் கீழே அந்தக் கடைசி டிஸ்க் மட்டும் மினுக்கும். டீ வந்தாச்சு என்று அர்த்தம். மூன்று தடவை அழுத்தினால் அலமாரி மொத்தமும் மினுக்கும். டீ ஆறுது என்று அர்த்தம். தம்பி உட்காரும் இடத்திலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தாலே தெரியும்.

"ஆஸ்பத்திரி மெஷின்ல இப்படி விளையாடலாமாடா? யாராவது கேட்டா?"

"அந்த டிஸ்க் சும்மாதானே அக்கா இருக்கு."

எனக்குப் பூனைக்குட்டி ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்த டீ கப் படம் பிடித்துப்போனது. இந்தக் கட்டடத்தில் யாரும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. இப்போது விரலை வைத்தால் பாதாளத்தில் விளக்கு எரிகிறது. "மாப்ளே, இன்னைக்கு எத்தனை எரிஞ்சுது?" என்று கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்படுவார். டீ தயாராகும் முன்பே ஒருமுறை அழுத்திவிட்டு, "சும்மா பழகிப் பாத்தேன்" என்பார்.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆஸ்பத்திரி மேனேஜருக்கு அந்த அலமாரிமேல் ஏற்கனவே கோபம். அதற்கு முன் இரண்டு தடவை ஸ்கேன் பிரிவில் படம் திறக்காமல் நின்று, டாக்டர்கள் அவர் அறைக்கே போய்க் கத்தியிருக்கிறார்கள். அவர் தம்பியைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை நின்னா இந்த வேலையை வெளிக் கம்பெனிக்குக் குடுத்துருவேன். அவங்க ஆள் ரெடியா இருக்காங்க" என்று சொல்லிவிட்டார். சொன்னபடி செய்கிற மனிதர். தம்பிக்கு இதைத் தவிர வேறு வேலை தெரியாது. இந்த வயதில் போய் யாரிடம் கோடு போட வாய்ப்புக் கேட்பான்? என் பிரார்த்தனையில் மற்றவர்களுக்கு ஒதுக்கியிருந்த நேரத்தையும் சேர்த்து அவனுக்கே கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் புது ஸ்கேன் மெஷின் வந்து இறங்கியது. அதன் படங்களுக்கு என்று ஒரு விர்ச்சுவல் டிஸ்க் வேண்டும். மேனேஜர், "நான் பக்கத்துல நின்னு பாக்கணும், என் கண்ணு முன்னாடி செய்" என்றார்.

எங்களைச் சோதிக்கிற மாதிரி அன்று காலையிலேயே ஒரு டிஸ்க் செத்துப்போனது. தம்பி கலங்கவில்லை. அவசரத்துக்கு வைத்திருந்த கடைசி டிஸ்க் தானாக எழுந்து வேலையில் உட்கார்ந்துவிட்டது. படம் எதுவும் நிற்கவில்லை. "பாத்தியா அக்கா, இதுக்குத்தான் ஒண்ணு ஒதுக்கி வைக்கணும்" என்று கேண்டீனில் வந்து பெருமையாகச் சொன்னான். அந்தக் கடைசி டிஸ்க்குக்கு இன்னொரு உத்தியோகமும் கொடுத்து வைத்திருக்கிறோமே என்பது அந்தப் பெருமையில் மறந்துபோனது. எங்களுக்கும் தோன்றவில்லை. கடைசி டிஸ்க் என்றால் எங்களுக்கு டீதான்.

செத்த டிஸ்க்கை மாற்ற ஆள் வந்தார். எந்தக் கம்பெனிக்கு வேலையைக் கொடுக்கப் போவதாக மேனேஜர் மிரட்டினாரோ அதே கம்பெனி ஆள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. எங்கள் கேண்டீனைக் கடந்து போகும்போது மூக்கைச் சுருக்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு நடந்ததில் பாதியை நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன், மீதி தம்பி சொன்னது.

தம்பி சர்வர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மேனேஜர் அவன் முதுகுக்குப் பின்னால் கை கட்டி நிற்கிறார். கம்பெனிக்காரர் அறையின் அந்தக் கோடியில் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து புது டிஸ்க்கின் அட்டைப் பெட்டியைப் பிரிக்கிறார். தம்பி செத்த டிஸ்க்கை மினுக்கச் சொல்லிக் கமாண்ட் அடித்துவிட்டு, "மினுக்குது பாருங்க சார், அதை உருவிட்டுப் புதுசைப் போடுங்க" என்று உரக்கச் சொல்கிறான். கம்பெனிக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறார். தம்பி இந்தப் பக்கம் திரும்பி, புது ஸ்கேனுக்கான துண்டை வெட்ட ஆரம்பிக்கிறான்.

மேலே கேண்டீனில் டீ தயார். என் வீட்டுக்காரர் டீ கப் படத்தை அழுத்தினார்.

அந்த அலமாரிக்கு ஒரு நேரத்தில் ஒரு பேச்சைத்தான் கேட்கத் தெரியும். புதுசாக மினுக்கச் சொன்னதும் பழையதை நிறுத்திவிடும். செத்த டிஸ்க்கின் மினுக்கல் நின்றது. கடைசி டிஸ்க் மினுக்க ஆரம்பித்தது. பெட்டியை ஒருவழியாகப் பிரித்து நிமிர்ந்த கம்பெனிக்காரர், மினுக்குவது எது என்று பார்த்தார், பிடித்து உருவினார்.

அலமாரி கூவ ஆரம்பித்தது. காற்றாடி இரைச்சலையும் மீறிக் கேட்கிற கூவல்.

தம்பி திரும்பிப் பார்த்தான். காலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் அவர் கையில் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒன்று செத்தால் தாங்கும். அதற்கு மேல் ஒன்று போனால் படங்கள் எல்லாம் போய்விடும். செத்தது காலையிலேயே செத்தாயிற்று. உருவினது மற்ற டிஸ்க்குகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்ததைத்தான், அதில் இருந்ததெல்லாம் மற்றவற்றிலும் இருக்கிறது என்பதால் இன்னும் ஒன்றும் போகவில்லை. ஆனால் இனி இன்னொன்றின்மேல் விரல் படக் கூடாது.

"வேற எதையும் தொடாதீங்க" என்று எழுந்து நடந்தான்.

"என்ன ஆச்சு?" என்றார் மேனேஜர், அவன் பின்னாலேயே வந்து.

"இவர் வேற டிஸ்க்கை உருவிட்டாரு சார்."

"நான் மினுக்குனதைத்தான் உருவினேன்" என்றார் கம்பெனிக்காரர். "நீங்கதானே மினுக்குறதை உருவச் சொன்னீங்க?"

"அது மினுக்குச்சா?" என்று மேனேஜர் தம்பியைக் கேட்டார். "நல்லா இருக்குற டிஸ்க் எதுக்கு மினுக்கும்?"

தம்பிக்கு அப்போதுதான் விளங்கியது. மெஷின் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். மேனேஜருக்கு என்ன தெரியப் போகிறது? நாக்கு நுனிவரை வந்ததாம். வந்தது திரும்பிப் போய்விட்டதாம். எங்கள் அப்பா பூனைக்குட்டி விஷயத்தில் அடித்த அடி வீண்போகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"டீ வந்துருச்சுன்னு அர்த்தம் சார்" என்றான்.

மேனேஜர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

மேலே என் வீட்டுக்காரருக்கு ஒரே எரிச்சல். அழுத்தி இவ்வளவு நேரமாயிற்று, மாப்பிள்ளை ஏறி வரவில்லை. டீயில் ஏடு படிகிறது. "நீ போய்ப் பாரு, நான் பெரிய விளக்கைப் போடுறேன்" என்று என்னைப் படியிறக்கிவிட்டு மூன்று தடவை அழுத்தினார்.

நான் கண்ணாடிக் கதவுக்கு வந்து சேரவும் அலமாரி மேலிருந்து கீழ்வரை மினுக்கவும் சரியாக இருந்தது. புதுக் கடை திறக்கிற நாளில் முகப்பில் தொங்கவிடும் விளக்குகள் மாதிரி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கம்பெனிக்காரர் உருவின டிஸ்க்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினார். மினுக்குவதை உருவியே பழகிய கை. தம்பி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். கடவுளே, கடவுளே என்று நான் வெளியே நின்று முணுமுணுத்தேன்.

"இது?" என்று கேட்டார் மேனேஜர்.

"டீ ஆறுதுன்னு அர்த்தம் சார்."

"எல்லாத்தையுமா உருவணும்?" என்று கம்பெனிக்காரர் சந்தேகமாகக் கேட்டாராம். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

தம்பி அவர் கையிலிருந்த டிஸ்க்கை மெதுவாக வாங்கி அதன் இடத்திலேயே சொருகினான். சர்வருக்குப் போய்க் கமாண்ட் அடித்தான். மினுக்கல் நின்றது, கூவலும் அடங்கியது. கடைசி டிஸ்க் முதலிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தது. செத்த டிஸ்க்கைத் தானே விரல் வைத்து எண்ணிக் காட்டி, கம்பெனிக்காரர் கையாலேயே மாற்ற வைத்தான். அதுவரை மேனேஜர் அசையவில்லை. பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் என்மேல் மோதப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"அவனுக்கு அக்கா சார். மேல கேண்டீன்."

"அந்த விளக்கு உங்க வேலையா?"

"விளக்கு அவன் வேலை சார். அழுத்துறது என் வீட்டுக்காரர்."

அவர் என்னை ஒரு முறை, படிக்கட்டை ஒரு முறை பார்த்தார். "படமெல்லாம் இருக்கா, போச்சா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

"எல்லாம் இருக்கு சார். ஒண்ணுகூட நிக்கல. இன்னொண்ணு உருவியிருந்தா போயிருக்கும்" என்றான் தம்பி. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அதையும் சொன்னான்.

"அப்போ உட்காரு. புது ஸ்கேனுக்கு முடி."

தம்பி உட்கார்ந்தான். நான் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். குளிரிலும் அவன் வழுக்கையில் வியர்வை தெரிந்தது. துண்டை வெட்டினான், பெயர் வைத்தான், சர்வருக்குக் கொடுத்தான், திரும்பிப் பார் என்றான். திரையில் புது டிஸ்க் வந்து நின்றது. மேல்மாடி ஸ்கேன் பிரிவிலிருந்து முதல் படம் வந்து சேர்ந்ததும் மேனேஜர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். யாரோ ஒருவருடைய முழங்கால்.

டீ குடிக்க எல்லோரும் மேலே வந்தார்கள். கம்பெனிக்காரர் இப்போது மூக்கைச் சுருக்கவில்லை. என் வீட்டுக்காரர், நடந்தது எதுவும் தெரியாமல், "ஏன் மாப்ளே, மூணு தடவை அழுத்தியும் வரல, பல்பு கில்பு போயிடுச்சா?" என்றார். தம்பி கப்புக்குள் பார்த்துக்கொண்டான்.

மேனேஜர் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கம்பெனிக்காரரைப் பார்த்தார். "உருவுறதுக்கு முன்னாடி எந்த எண்ணுன்னு கேக்க மாட்டீங்களா?"

"மினுக்குறதை உருவுறதுதான் சார் எங்க பழக்கம்."

மேனேஜர் தம்பி பக்கம் திரும்பினார். "இவன் டீக்கு விளக்கு எரிக்கிறான். இவர் எரியுறதையெல்லாம் உருவுறாரு. இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் நான் வச்சுக்கணும்." இன்னொரு மடக்குக் குடித்தார். "இவன் கேட்டா உண்மையையாவது சொல்றான். இருந்துட்டுப் போகட்டும். ஆனா அந்த விளக்கு இன்னொரு தடவை டீக்கு எரிஞ்சுது, அப்புறம் உனக்கு இங்க டீயும் இல்ல, வேலையும் இல்ல."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அடுப்புப் புகை என்று சொன்னேன். எங்கள் அடுப்பில் புகை வராது.

அன்றைக்கே தம்பி அந்த இணைப்பை அறுத்துவிட்டான். என் வீட்டுக்காரர் அந்தப் படத்தை அழுத்தி அழுத்திப் பார்த்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பொறுக்க முடியாமல் தம்பி வேறு ஒன்று செய்து கொடுத்தான். இப்போது அழுத்தினால் அலமாரிக்கு ஒன்றும் போகாது. கீழே தம்பி வேலை பார்க்கிற திரையின் ஓரத்தில், 'டீ வந்தாச்சு' அல்லது 'டீ ஆறுது' என்று ஒரு வரி மட்டும் எழுதும். அவ்வளவுதான்.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாமேடா?"

"செஞ்சிருக்கலாம்."

"அப்புறம் ஏன் செய்யல?"

"எழுத்து வந்தா வேலை மாதிரி இருக்கும் அக்கா. விளக்கு எரிஞ்சாத்தான் டீ மாதிரி இருக்கும்."

இவனுக்காகவா நான் அத்தனை பிரார்த்தனை செய்தேன் என்று தோன்றியது. ஆனாலும் நன்றி சொல்லிவிட்டேன், கேட்டதைக் கொடுத்தவரிடம் குறை சொல்லக் கூடாது.

மேனேஜர் இப்போது அடிக்கடி கீழே இறங்கி அவன் முதுகுக்குப் பின்னால் கை கட்டி நிற்கிறார். கண்காணிப்பாம். போன வாரம் அப்படி நின்றுகொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் மூன்று தடவை அழுத்திவிட்டார். திரையில் 'டீ ஆறுது' என்று வந்தது. மேனேஜர் குனிந்து அந்த வரியை நிதானமாகப் படித்தாராம்.

"யாருக்கு ஆறுது?"

"எனக்கு சார்."

"எனக்கும் ஒண்ணு ஆறச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர்தான் முதலில் படி ஏறி வந்தார்.

புது டிஸ்க் எல்லாவற்றையும் தன்மேல் எழுதிக்கொண்டதும், அந்த அலமாரியில் கடைசி டிஸ்க்குக்கு மறுபடி எந்த வேலையும் இல்லாமல் போனது. சும்மா இருக்கிறது. தம்பி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஓரக்கண்ணால் அதைப் பார்க்கிறானாம், மேனேஜரே சொன்னார். நான் அதற்கும் சேர்த்துப் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறேன்.